வாடை

போனை அணைத்து, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டியபோது உயிருள்ள எதையோ உள்ளே தள்ளிப் பூட்டுகிற மாதிரி இருந்தது. வைஃபை பெட்டியின் ஒயரையும் பிடுங்கிவிட்டேன். அதன் பச்சைப் பொட்டுகள் அணைந்ததும் ஹாலின் அந்த மூலை காலியாகிவிட்டது, இத்தனை நாளாக அங்கே யாரோ உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்து போனதுபோல. இனி இந்தச் சாயங்காலம் என்னுடையது. யாரும் கூப்பிட முடியாது. நானும் யாரையும் காத்திருக்கச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வணக்கம், எந்த டாக்டரைப் பார்க்கணும், கொஞ்சம் லைனில் இருங்க, என்று சொல்லிச் சொல்லி என் குரலே என்னுடையதில்லை என்றாகிவிட்டது. அது ஆஸ்பத்திரியின் குரல். நெஞ்சுவலி என்று அழுகிறவரிடமும் பல் கூசுகிறது என்கிறவரிடமும் ஒரே இனிப்போடு பேசுகிற குரல். அதற்குக் கூலியாக வலது காதில் ஒரு இரைச்சல் வந்து குடியேறிவிட்டது. சில்வண்டு மாதிரி, இல்லை, சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்கிக்கொண்டே இருக்கிற மாதிரி. காது டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார், "மங்கையர்க்கரசியம்மா, இதுக்கு மாத்திரை கெடையாது. ஒரு சாயங்காலமாவது அந்தக் காதுக்கு லீவு குடுங்க. போன் வேண்டாம், டிவி வேண்டாம், சும்மா உக்காந்திருங்க." சும்மா உட்காருவது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். புனேயில் இருக்கிற என் மகன் பரிதியிடம் காலையிலேயே சொன்னேன், சாயங்காலம் போன் அணைந்திருக்கும், பயப்படாதே என்று. "திடீர்னு ஏதாவது ஆச்சுன்னாம்மா?" என்றான். "ஒரு சாயங்காலத்துல என்னடா ஆயிடப்போவுது," என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அந்த மாதிரி வார்த்தைகளை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, எதுவோ எங்கேயோ காதைக் கொடுத்துக்கொண்டிருக்கும். எதிர்வீட்டு பிலோமினாவிடமும் மாடிப்படியில் சொல்லிவிட்டேன், இன்றைக்கு பெல் அடிக்காதே, பேச வராதே என்று. "என்னக்கா, மௌன விரதமா?" என்றாள். "அப்படித்தான் வெச்சுக்கோயேன்," என்றேன். அவள் முகம் கொஞ்சம் சுருங்கிப்போனது. புருஷன் குவைத்தில், பிள்ளை ஹாஸ்டலில், பேசுவதற்கு என்னை விட்டால் அவளுக்கு இந்த மூன்றாவது மாடியில் யார் இருக்கிறார்கள். பாவம்தான். ஆனால் ஒரு சாயங்காலம் பாவம் பார்க்காமல் இருந்தால் என்ன.

பாலை அடுப்பில் வைத்துத் தீயைக் குறைத்துவிட்டு பால்கனிக்குப் போனேன். ஐப்பசி வானம் வயலூர் ரோட்டுக்கு மேலே கன்றிப்போன காயம் மாதிரி ஊதா நிறத்தில் இறங்கியிருந்தது. காற்று வடக்கிலிருந்து வந்தது. எங்கேயோ பெய்ய ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது, கீழே பால் பூத்தில் நின்ற ஒருவர் முகத்தைத் தூக்கி மூச்சை இழுத்து, "மண்வாசம் வந்துருச்சுப்பா," என்றார். நானும் இழுத்தேன். ஒன்றுமில்லை. தண்ணீரைக் குடிக்கிற மாதிரி வெறும் காற்று உள்ளே போய் வெளியே வந்தது. அந்தக் கொரோனாக் காய்ச்சலில் வாசனை போனது, எல்லோருக்கும் போய்த் திரும்பி வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. முதலில் ஒரு வாரம், ஒரு மாதம் என்று காத்திருந்தேன். பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பிலோமினா மல்லிகைப் பூவைக் கொண்டுவந்து மூக்கருகே நீட்டும்போது கண்ணை மூடி, ஆகா, என்பேன். தயிரை வாங்கிய தேதி பார்த்துக் கொட்டுவேன். புடவையை ஒரு தடவை கட்டினால் துவைத்துவிடுவேன். உலகம் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டது, அவ்வளவுதான், கண்ணாடி சுத்தமாகத்தான் இருக்கிறது. பரிதிக்குத் தெரிந்தால் அன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுவான். தனியா இருக்க வேண்டாம்மா, தனியா இருக்க வேண்டாம்மா என்று ஒரு காரணத்துக்காக அலைந்துகொண்டிருக்கிறவனுக்கு நானே காரணத்தை எடுத்துக் கையில் கொடுப்பேனா. புனேயில் பதினோராவது மாடியில், மருமகள் வேலைக்குப் போன பிறகு, பாஷை தெரியாத பால்கனியில் நின்று யார் போகிறார்கள் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கவா. இங்கே எனக்கு ஒரு வேலை இருக்கிறது, ஒரு சாவி இருக்கிறது. இந்தச் சாவியைக் கொடுத்துவிட்டால் திரும்ப யாரும் தரமாட்டார்கள்.

மழை வந்த வேகத்தில் ஜன்னல்கள் அடித்துக்கொண்டன. ஓடி ஓடிச் சாத்தினேன், படுக்கையறை, ஹால், பால்கனிக் கதவு, கடைசியில் சமையலறை. அங்கே திரைத்துணி அடுப்புக்கு மேலே பறந்து கொடிபோல ஆடிக்கொண்டிருந்தது. அதை இழுத்து ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டேன். லைட்டைப் போடவில்லை. பால் ஆடாமல் அசையாமல் மேலே மெல்லிய ஆடையோடு இருந்தது, இன்னும் நேரமாகும் என்று நினைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து டியூப்லைட்டைப் போட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடியில் மழை. மேலே மின்விசிறி. நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். எனக்கு நிம்மதி என்றாலே பயம். என் வீட்டுக்காரர் போன அன்றைக்கும் இப்படித்தான் ஒரு சாயங்காலம். நடந்துவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் இதே நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து வாரப் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை வராமல் இருந்து, வந்து, சந்தோஷமாக எழுதினேன். பிறகுதான் போன் அடித்தது. யாரோ ஒரு ஆட்டோக்காரர் அவருடைய போனிலிருந்து பேசினார். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அவர் ரோட்டோரம் விழுந்து கிடந்த நேரத்தில்தான் நான் அந்த வார்த்தையைக் கண்டுபிடித்துச் சிரித்திருக்கிறேன். நடந்ததற்கும் எனக்குத் தெரிந்ததற்கும் நடுவே ஒரு சந்து. அந்தச் சந்துக்குள்ளேதான் நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு எப்போது நிம்மதியாக இருந்தாலும் அந்தச் சந்துக்குள் இருக்கிறேனோ என்று தோன்றும். இப்போது எங்கே என்ன நடந்திருக்கும். பரிதி பைக்கில் வருகிற நேரம். புனேயிலும் மழையா. பீரோவுக்குள் அது அணைந்து கிடக்கிறது, யாராவது கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்களா. எழுந்துபோய் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, இல்லை, பார்க்கக் கூடாது, பார்த்தால் இந்தச் சாயங்காலம் போச்சு. எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன், பஸ்ஸில் பிடிப்பதுபோல. அப்படியே கொஞ்சம் கண்ணசந்திருக்க வேண்டும்.

விழித்தபோது மின்விசிறி நின்றுகொண்டிருந்தது. முழுதாக நிற்கவில்லை, கடைசிச் சுற்றைச் சோம்பலாகச் சுற்றி நின்றது. கரண்ட் போய்விட்டது. மழையும் விட்டிருந்தது. ஜன்னலில் வெளிச்சமில்லை, தெரு விளக்கும் இல்லை, எதிர் பிளாக்கும் இல்லை. ஃபிரிட்ஜ் வாயை மூடிக்கொண்டது. ஒரு வீட்டில் இத்தனை சத்தங்கள் இருந்தன என்பது அவையெல்லாம் நின்ற பிறகுதான் தெரிகிறது. இதுதான் டாக்டர் சொன்ன அமைதியாக இருக்கும். இருட்டு கண்ணுக்குள் வந்து உட்கார்ந்தது, காதில் இரைச்சல் மெதுவாக எழுந்து நின்றது. இன்றைக்கு ஏனோ அதிகம். இரண்டு காதிலும் கேட்கிற மாதிரி. லீவு கொடுத்தால் குறையும் என்றாரே. குறையாமல் கூடினால் என்ன அர்த்தம், நரம்பில் ஏதாவதா, மூளையிலா, வாசனை போனதும் இரைச்சல் வந்ததும் ஒரே இடத்திலிருந்தா, அந்த இடத்தில் என்ன வளர்கிறது. தலையும் கொஞ்சம் கனத்தது. தூங்கி எழுந்த கனம். மற்ற நாளாக இருந்தால் போனில் டார்ச்சைப் போட்டிருப்பேன். இப்போது பீரோச் சாவியைத் தேடி, பூட்டைத் தேடி, புடவைக்கடியில் கைவிட்டு, வேண்டாம். சாமி அலமாரியில் விளக்கு இருக்கிறது, எண்ணெய் விட்டுத் திரி போட்டபடி. பக்கத்தில் தீப்பெட்டி. சுவரைத் தடவிக்கொண்டு போனேன். என் வீடுதான், ஆனாலும் இருட்டில் சுவர் வேறு யாருடையதோ மாதிரி ஈரமாக இருந்தது. தீப்பெட்டி கையில் சிக்கியது. குச்சியை எடுத்து உரசினேன். நமத்துப்போன குச்சி. மருந்து மாவாக உதிர்ந்து விரலில் ஒட்டியது.

இரண்டாவது குச்சியை எடுத்துப் பெட்டியின் விளிம்பில் வைத்தேன். அப்போதுதான் கை நின்றது. ஏன் நின்றது என்று எனக்கே தெரியவில்லை. கை முதலில் நின்றது, நான் பிறகுதான் வந்து சேர்ந்தேன். ஏதோ ஒன்று சரியாக இல்லை. இரைச்சலைக் கேட்டேன். உஸ்ஸ் என்று ஒரே இழையாக, ஏறாமல் இறங்காமல். காதுதான். காதுதானா. பாம்பு என்று தோன்றியது. உடனே, மூன்றாவது மாடியில் ஏது பாம்பு என்று தோன்றியது. அதற்கும் உடனே, மழைக் காலத்தில் பைப்பு வழியாக ஏறி வரும், தினகரனில் படித்தேனே என்று தோன்றி, இரண்டு காலையும் சேர்த்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு நின்றேன். குச்சியை உரசினால் தெரிந்துவிடும். வெளிச்சம் வந்தால் பாம்பா காதா என்று தெரிந்துவிடும். உரசு. விரல் அழுத்தியது. உரசவில்லை. எனக்குத்தான் எல்லாம் கேட்கும், அவர் இருந்தபோதும் அப்படித்தான், ராத்திரி யாரோ கதவைத் தட்டினார்கள் என்று எழுப்புவேன், உன் மண்டைக்குள்ளதான்டி தட்டுறாங்க, படு, என்பார். மண்டைக்குள்ளேதான். அப்படியென்றால் உரசலாம். டாக்டர் ஒரு பயிற்சி சொல்லியிருந்தார், இரைச்சல் கூடும்போது உள்ளங்கையால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பிடரியில் விரலால் தட்ட வேண்டும் என்று. குச்சியும் பெட்டியும் கையிலிருக்க மணிக்கட்டால் காதைப் பொத்தினேன். உள்ளே சில்வண்டு பெரிதாகக் கத்தியது. ஆனால் ஒரு இழை அறுந்துவிட்டது. கையை எடுத்தேன். அந்த இழை திரும்ப வந்தது. பொத்தினேன், அறுந்தது. எடுத்தேன், வந்தது. சில்வண்டு என்னுடையது. அந்த இன்னொன்று என்னுடையதில்லை. அது வெளியே இருந்தது. வீட்டுக்குள்ளே, எனக்கு வலது பக்கமாக, சமையலறைப் பக்கமாக, மனிதர்களுடைய பயத்தைப்பற்றி எந்த அக்கறையும் இல்லாமல் நிதானமாக ஊதிக்கொண்டிருந்தது.

பால். பால் வைத்தேனே. பால் வைத்தால் எப்போதும் போனில் அலாரம் வைப்பேன், தீய்ந்தால் எனக்குத் தெரியாதே, அதற்காக. இன்றைக்குப் போன் இல்லை. பால் பொங்கவே இல்லை. ஆடாமல் அசையாமல் இருந்ததே, அப்போதே தீ அணைந்துபோயிருக்கிறது, அந்தக் காற்று ஊதி அணைத்திருக்கிறது. நான் போய் ஜன்னலைச் சாத்திக் கொக்கியும் போட்டுவிட்டு வந்து நன்றாக இருக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறேன். எல்லா ஜன்னலையும் சாத்தினேன். ஒரு குச்சியை உரசிவிட்டேன். அந்தக் குச்சி நமத்திருக்காவிட்டால். அதற்குமேல் அந்த நினைப்பு போகவில்லை, மாட்டுவண்டி சேற்றில் நின்ற மாதிரி நின்றுவிட்டது, நமத்திருக்காவிட்டால், நமத்திருக்காவிட்டால். தீப்பெட்டியை அலமாரியில் வைக்கக்கூடப் பயமாக இருந்தது. முட்டையை வைப்பதுபோல வைத்தேன். மூச்சை இழுத்துப் பார்த்தேன், என்ன பைத்தியக்காரத்தனம், வெறும் காற்று, எப்போதும்போலச் சுத்தமான வெறும் காற்று. நான் நிற்பது கேஸுக்கு நடுவிலா, முழங்கால் வரைக்கும் இருக்கிறதா, கழுத்து வரைக்குமா. அது கனமானது, தரையில்தான் படியும் என்று சிலிண்டர் போடுகிறவர் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். தரையில் நடந்தேன். காலைத் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைத்து நடந்தேன், தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிற மாதிரி. சமையலறை வாசலில் சத்தம் பெரிதானது. மேடையைத் தடவினேன், தட்டு, கரண்டி, கரண்டி விழுந்துவிடுமோ, இரும்பும் இரும்பும் பட்டால், கையை எடுத்துவிட்டு மறுபடி மெதுவாக. அடுப்பின் குமிழ் கிடைத்தது. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும். தினமும் திருப்புகிற கை மறந்துவிட்டது. யோசிக்காதே என்று அதட்டினேன். திருப்பினேன். சத்தம் நின்றது. சில்வண்டு மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. குனிந்து சிலிண்டரின் ரெகுலேட்டரையும் மூடினேன், ஜன்னல் கொக்கியை எடுத்துத் திறந்தேன், ஈரக்காற்று முகத்தில் விழுந்தது. அவ்வளவுதான், முடிந்தது, என்று நினைத்த நொடியில் கரண்ட் ஞாபகம் வந்தது.

போன கரண்ட் எந்த நிமிஷமும் வரும். வந்தால் ஹாலில் டியூப்லைட் சிமிட்டிச் சிமிட்டிப் பிடிக்கும், ஃபிரிட்ஜ் உதறிக்கொண்டு எழுந்திருக்கும். எல்லா ஸ்விட்சும் போட்டபடி இருக்கிறது. மெயின் ஸ்விட்ச் வாசல் கதவுக்குப் பக்கத்தில். பால்கனிக் கதவை முதலில் திறப்பதா, மெயினை அணைப்பதா, மெயின், மெயின். சுவரோடு சுவராகப் போனேன். ஒரு ஹாலைக் கடப்பதற்கு இவ்வளவு நேரமா. எங்கேயோ ஒரு மின்வாரியக்காரர் நனைந்த சட்டையோடு ஏதோ ஒரு கைப்பிடியைத் தூக்கப்போகிறார், அவர் முகம்கூடத் தெரிந்தது, மீசை வைத்த நல்ல முகம், இதோ சரிபண்ணிட்டேன் என்று சிரிக்கிறது. பொறுங்கள். கொஞ்சம் லைனில் இருங்கள். பெட்டி கையில் பட்டது, மூடியைத் திறந்து அந்தப் பெரிய ஸ்விட்சைக் கீழே தள்ளினேன். அப்போது பார்த்தேன். கதவுக்கு அடியில், தரையோடு தரையாக, மஞ்சளாக ஒரு கோடு. அது நடுங்கிக்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே செருப்பு உராய்கிற சத்தம் கேட்டது. "அக்கா," என்றாள் பிலோமினா மெதுவாக, "தொந்தரவு பண்ணாதேன்னு சொன்னீங்க. ஆனா போனும் இல்லாம இருட்டுல உக்காந்திருப்பீங்களேன்னு மனசு கேக்கலை. மெழுகுவத்தி கொண்டாந்திருக்கேன்." கதவின் அடியில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருக்கிறது, எத்தனை தடவை அதற்குக் கட்டை அடிக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறேன், கேஸ் தரையில்தான் ஓடும், தண்ணீர் மாதிரி ஓடும், அந்த வழியாகத்தான் வெளியே போகும், அவள் கால் இருக்கிற இடத்துக்கு. "பிலோமினா, அதைக் கொஞ்சம் அணைக்கிறியா," என்றேன். சொன்னது ஆஸ்பத்திரிக் குரல். இனிப்பான, அவசரமே இல்லாத குரல். "அய்யோ அணைக்கவா, காத்துல அணையாம கையால மறைச்சு மறைச்சுக் கொண்டாந்தேன். பரவால்லக்கா, நீங்க பேச வேண்டாம், விரதத்தைக் கெடுக்கலை. இப்பிடி வாசல்ல கீழ வெச்சுட்டுப் போறேன், எடுத்துக்குங்க." அந்தக் கோடு பிரகாசமானது. அவள் குனிகிறாள். நெருப்பு கீழே இறங்குகிறது, கோடு தடித்து ஆரஞ்சாகி என் கால் விரல்களில் ஏறியது, நகம் நகமாகத் தெரிந்தது. "கேஸுடீ!" என்று கத்தினேன். என் அப்பன் வீட்டுக் குரல், கல்யாணத்துக்கு முன்னால் மாட்டை விரட்டிய குரல். "அணைடீ! ஊது! கீழ வெக்காதடீ!" வெளியே ஒரு சத்தமும் இல்லை. கோடு அப்படியே நின்றது. பிறகு ஃபூ என்று ஒரு ஊதல், எல்லாம் இருட்டாகிவிட்டது. அவ்வளவு நல்ல இருட்டை நான் பார்த்ததே இல்லை.

கதவைத் திறந்து வெளியே வந்து அவள் கையைப் பிடித்தேன். உருகிய மெழுகு அவள் விரலில் வழிந்து சூடாக இருந்தது. "அம்மாடி, என்னா வாடை!" என்றாள், மூக்கைப் பொத்திக்கொண்ட குரலில். "இவ்வளவு வாடையில எப்பிடிக்கா உள்ள இருந்தீங்க?" மறுபடி உள்ளே போய் பால்கனிக் கதவையும் மற்ற ஜன்னல்களையும் திறந்துவிட்டு வந்தேன். வாசல் கதவையும் அகலத் திறந்துவைத்தோம். அது கீழேதான் போகும் என்று அவளை இழுத்துக்கொண்டு மேல்மாடிப் படியில் பாதி ஏறி உட்கார்ந்தேன். முதல் மாடியிலும் இரண்டாவது மாடியிலும் கதவைத் தட்டி யாரும் எதையும் கொளுத்த வேண்டாம் என்று சொல்ல வேண்டாமா என்று நான் எழுந்தபோது அவள் அங்கிருந்தபடியே பிளாக் முழுவதும் கேட்கிற மாதிரிக் கூவினாள். கீழேயிருந்து யாரோ சரி என்றார்கள். பிறகு இருட்டில் உட்கார்ந்திருந்தோம். "நான் வந்து கொஞ்ச நேரம் கதவுக்கிட்டயே நின்னேன்க்கா," என்றாள். "மெழுகுவத்தியோட. கூப்பிடவா வேண்டாமா, திட்டுவீங்களோன்னு." நான் குமிழைத் தேடிக்கொண்டிருந்த நேரமாக இருக்கும். அப்புறம் அவள் மெல்லக் கேட்டாள், "உங்களுக்கு வாடையே தெரியலையா?" இருட்டாக இருந்ததால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். தெரியாது என்றேன். "இன்னிக்குச் சளியா?" இல்லை, அந்தக் காய்ச்சல் வந்ததிலிருந்து. "எதுவுமேவா?" எதுவுமே. அவள் யோசித்தாள். "அப்ப என் மல்லிப்பூவு?" என்றாள். "அன்னிக்குப் புளிச்ச மாவுல தோசை சுட்டுக் குடுத்தீங்களே, என்னடா இது அக்கா வேணும்னே குடுக்குறாங்களான்னு ரெண்டு நாள் அழுதேன்," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு என்றுதான் ஆரம்பித்தது, நடுவில் எங்கேயோ மாறிவிட்டது. அவள் மெழுகு ஒட்டிய கையால் என் முதுகைத் தட்டினாள். "பரிதிக்குத் தெரியுமா?" தெரியாது, சொல்லாதே, என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். "நீங்களே சொல்லுங்க," என்றாள். "நாளைக்குச் சொல்லுங்க. சொல்லலைன்னா நான் சொல்லுவேன். அவன் நம்பர் என்கிட்ட இருக்கு." அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பேச்சுக்காரி, வம்புக்காரி என்று நினைத்திருந்தவள் இருட்டில் என் அக்கா மாதிரி உட்கார்ந்திருந்தாள். சொன்னால் என்ன ஆகும், சாவி போகும், இந்த ஜன்னல்கள் போகும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் இப்போது பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். சொல்லுகிறேன் என்றேன். என்னையே கேட்டுக்கொண்டேன், சொல்வாயா.

கரண்ட் வந்தது. படிக்கட்டு விளக்குகள் பளிச்சென்று எரிந்தன, எதிர் பிளாக்கில் பிள்ளைகள் ஓ என்று கத்தினார்கள், எல்லா வீட்டு டிவியும் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தது. என் வீடு மட்டும் திறந்த கதவுக்கு உள்ளே கருப்பாக, கிணறு மாதிரி இருந்தது. "இருங்க, நான் பாத்துட்டு வர்றேன்," என்று பிலோமினா உள்ளே போனாள். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மூலைக்கு மூலை நடக்கிற சத்தம் கேட்டது. மேடைக்கடியில் குனிந்தாள் போலிருக்கிறது, முட்டி மடங்கியது கேட்டது. கட்டிலுக்கடியில், சாமி அலமாரிப் பக்கம். "போயிடுச்சுக்கா, ஒண்ணுமே இல்லை, வாங்க," என்றாள். இன்னொரு தடவை பாரு என்றேன். பார்த்தாள். மறுபடியும் போயிடுச்சு என்றாள். நான் வாசற்படியில் நின்று மூச்சை இழுத்தேன். எல்லாம் போன காற்றும் எல்லாம் நிறைந்த காற்றும் எனக்கு ஒன்றுதான். இனிமேல் என் வீடு பத்திரமா இல்லையா என்பதை இன்னொருத்தி வந்து சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும், இன்றைக்கு மட்டுமில்லை, இனி எல்லா நாளும். மெயின் ஸ்விட்சில் கையை வைத்தேன். கை மேலே போகவில்லை. "நீ வெளிய போய் நில்லு பிலோமினா," என்றேன். "எதுக்கு? அதான் ஒண்ணுமில்லைன்னு சொல்றேன்ல." போய் நில்லேன். "மாட்டேன்," என்றாள், எனக்குப் பக்கத்தில் வந்து நின்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்கயேதான் நிப்பேன். போடுங்கக்கா." போட்டேன். டியூப்லைட் இரண்டு தடவை சிமிட்டியது, மின்விசிறி முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. வெளிச்சத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொன்னவள், இரண்டு கண்ணையும் இறுக்கி மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு, என் கையை விடாமல் நின்றிருந்தாள்.